நாயக்கர் மகால் வளைவிலிருந்து ஒரு கடைச் சின்னம் வரைவது எப்படி?

மதுரையில் ஒரு சுங்குடிப் புடவைக் கடைக்கு லோகோ வேண்டும், அதில் திருமலை நாயக்கர் மகாலின் சாயல் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பலரும் உடனே மகாலின் முகப்பை முழுதாக வரைந்துவிடுகிறார்கள். துணிப்பையில் அழகாக இருக்கும் அந்த ஓவியம், செல்போன் திரையில் வெறும் சாம்பல் திட்டாகிவிடும். கட்டடத்தில் ஒரே ஓர் உறுப்பை எடுங்கள். அதன் வடிவக் கணக்கைப் பிடித்து வரையுங்கள்.

எந்த உறுப்பு? தனித் தூண் எந்த ஊர்ப் பழைய கட்டடத்துக்கும் பொருந்திவிடும். யாளிச் சுதையில் நுணுக்கம் அதிகம், சிறிதாக்கினால் நசுங்கும். அரியணை மண்டபமான சொர்க்கவிலாசத்தின் குவிமாடத்தை மட்டும் வரைந்தால் மகால் என்று அடையாளம் தெரியாது. பருத்த தூண்களின் மேல் உட்காரும் இதழ் வளைவுதான் மிஞ்சுகிறது. மகாலைப் பார்த்தவர்கள் சட்டென்று கண்டுகொள்வதும் அதைத்தான். 1636-ல் கட்டிய மகாலில் இன்று நிற்பது ஏறக்குறைய கால் பங்கு. 19ஆம் நூற்றாண்டில் பெரிய அளவில் புதுப்பித்தும் இருக்கிறார்கள். ஆகவே பிராண்ட் கதையில் 'நானூறு ஆண்டுப் பழைய வளைவு' என்று எழுதுமுன், நீங்கள் எடுத்த பகுதி எந்தக் காலத்தது என்று விசாரித்துவிடுங்கள்.

படம் எடுக்கும்போது வளைவின் நட்டநடுவுக்கு நேர் எதிரே, எவ்வளவு தள்ளிப்போக முடியுமோ அவ்வளவு தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். கிட்டே நின்று செல்போனை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் மேலே குறுகிச் சாயும். அதன் மேல் வரைந்த வளைவும் கோணும். முக்காலி வைப்பதற்கு முன் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள்.

இனி கணக்கு. 16 அலகுச் சதுரம் போட்டு, அதன் நடுக்கோட்டில், அடியிலிருந்து 7 அலகு உயரத்தில் மையம் வைத்து, 6 அலகு ஆரத்தில் அரைவட்டம் வரையுங்கள். அதை 36 பாகை வீதம் ஐந்தாகப் பிரியுங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டை விட்டமாக வைத்து, வெளிப்பக்கம் அரைவட்டம் போட்டால் ஓர் இதழ். ஐந்து இதழ்களும் வந்தபின் இரு முனைகளிலிருந்தும் தூண் கோடுகளை அடிவரை இறக்குங்கள். உயரமும் அகலமும் ஏறத்தாழ 14.6 அலகாக ஒத்துவரும். இதழ் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கட்டும். இரட்டைப்படையானால் உச்சியில் இதழுக்குப் பதில் கீழ்நோக்கிய கூர்முனை வந்து நிற்கும். மகாலின் வளைவை அப்படியே நகலெடுக்கும் வேலை இல்லை இது. அதன் இலக்கணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

இணையதளச் சிறு சின்னம் போல 16 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் ஐந்து இதழ் கலங்கிவிடும். அதற்கென்றே 60 பாகை வீதம் மூன்று இதழ் வைத்து, கோடு 2 பிக்சல் தடிமனில் இன்னொரு வடிவம் செய்யுங்கள். ஒரே கோப்பைச் சுருக்கி எல்லா இடத்திலும் ஒட்டுவதால்தான் பல நல்ல லோகோக்கள் கெடுகின்றன. எம்பிராய்டரிக்குக் கோடும் இடைவெளியும் 1 மி.மீ.க்குக் குறையக் கூடாது. குறைந்தால் நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இதழ்களுக்கு நடுவேயுள்ள கூர்முனைகள் மழுங்கிவிடும்.

கடைப் பெயரை வளைவுக்குள் திணிக்காதீர்கள். 'கி', 'கீ' போன்ற எழுத்துகளின் விசிறிகள் மேலே எழும்பி இதழ்களில் முட்டும். பெயரை வளைவுக்குக் கீழே, குறைந்தது 3 அலகு இடம் விட்டு வையுங்கள். வளைவின் கோட்டுத் தடிமனும் எழுத்தின் தடித்த கோடும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே கையில் பிறந்தவை போலிருக்கும். மிகத் தடித்த எழுத்துருவில் 'ண', 'ஞ' சுழிகள் அடைத்துக்கொள்ளும். நடுத்தரத் தடிமனே போதும்.

நிறத்தைப் புகைப்படத்திலிருந்து உறிஞ்சாதீர்கள். மாலை வெயிலில் சுண்ணாம்புச் சுவரும் மஞ்சளாகத்தான் பதிவாகும். நிழலில் நின்று, வண்ண அட்டையைச் சுவரருகே பிடித்து ஒப்பிடுங்கள். சுவரின் வெளிர் நிறம் பின்புலத்துக்கு மட்டுமே. அந்த நிறத்தில் எழுதினால் வெள்ளைத் தாளில் படிக்க முடியாது. எழுத்துக்குச் செங்கல் சிவப்பின் கருஞ்சாயலை எடுங்கள். அச்சுக்குச் சயான் 25, மெஜந்தா 90, மஞ்சள் 85, கறுப்பு 35 என்று தொடங்கி, கடையின் பைத்தாளிலேயே அடித்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

பதிவு செய்யுமுன் வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் 24 (துணி), 25 (ஆடை), 35 (கடை வியாபாரம்) ஆகிய வகுப்புகளில் தேடுங்கள். மகால் படத்தை ஏற்கெனவே யாராவது வைத்திருக்கலாம். மதுரைச் சுங்குடி புவிசார் குறியீடு (ஊரோடு சேர்ந்த பொருளின் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு) பெற்றது, ஆகவே அந்தச் சொல்லுக்குத் தனியுரிமை கேட்காதீர்கள். மகாலோடு கோபுரத்தையும் சேர்க்கும் ஆசை வந்தால் விட்டுவிடுங்கள்: தமிழ்நாடு அரசு முத்திரையில் கோபுரம் இருக்கிறது, மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய சின்னங்களுக்கு 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் பதிவு மறுக்கிறது. விண்ணப்பத்தில் கறுப்பு வெள்ளை வடிவத்தையே கொடுங்கள். நிறத்தைக் குறிப்பிட்டு வரையறுக்காத சின்னம் எல்லா நிறங்களுக்கும் பதிவானதாகக் கருதப்படும். பிற்பாடு பண்டிகைக்கு நிறம் மாற்றினாலும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதில்லை.