ஒற்றை அறை வீட்டில் வயசுப் பிள்ளையும் போனும்

வடசென்னை கொருக்குப்பேட்டையில் டியூஷன் எடுக்கிறேன். என்னிடம் வரும் அம்மாக்கள் அதிகம் கேட்பது இதுதான்: "டீச்சர், புள்ள இன்ஸ்டாவே கதின்னு கெடக்குது, போனைப் புடுங்கிடட்டுமா?"

வேண்டாம். நம் பக்கம் பல வீடுகள் ஒற்றை அறைதான். சமையல், தூக்கம், படிப்பு, சண்டை எல்லாம் அதற்குள்ளேயே. வயசுப் பிள்ளைக்குத் தனக்கென்று இருக்கும் ஒரே இடம் அந்த போன். பிடுங்கினால், ஃபிரெண்டு போனில் வேறு பெயரில் அக்கவுண்ட் திறப்பார்கள். அப்புறம் நமக்கு எதுவுமே தெரியாது.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்று இருக்கும். எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் போகிறது என்று அது காட்டும். உங்கள் போனிலும் அதைத் திறந்து காட்டுங்கள். ஆப்புக்கு நேர வரம்பு வைப்பதும் அங்கேயேதான். எவ்வளவு நேரம் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். நாம் திணித்த வரம்பை மீறத்தான் வழி தேடுவார்கள்.

ரீல்ஸ் எப்படி வேலை செய்கிறது என்பதையும் விளக்குங்கள். லைக் போடாவிட்டாலும், ஒரு வீடியோவில் கொஞ்ச நேரம் நின்றாலே அதே மாதிரி இன்னும் வரும். கத்தியைக் காட்டி கெத்து பண்ணும் ரீலை முழுக்கப் பார்த்தால், அடுத்தடுத்து அதுவே வந்து நிற்கும். பையன்கள் இதைக் கவனித்துக் கேட்கிறார்கள். தன்னை யாரோ இழுத்துக்கொண்டு போவது அவர்களுக்கும் பிடிக்காது. வேண்டாத ரீலுக்கு 'நாட் இன்ட்ரஸ்டட்' கொடுக்கலாம். வேண்டியதைத் தேடிப் பார்க்கவும் பழக்குங்கள். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா நம் வடசென்னைப் பெண்தான். அவர் ஆட்டத்தைப் பார்க்கட்டும்.

அக்கவுண்டில் பிறந்த வருஷம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஸ்டாகிராமில் சேரவே 13 வயது ஆகியிருக்க வேண்டும். 18-க்குக் கீழே என்றால் 'டீன் அக்கவுண்ட்' கிடைக்கும்: அக்கவுண்ட் பிரைவேட்டாக இருக்கும், முன்பின் தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் சத்தம் போடாது. வயதைக் கூட்டிப் போட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

ராத்திரி எல்லோர் போனும் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும். அப்பா போனும்தான்.

போனைக் குறைத்த நேரத்துக்கு வேறு ஏதாவது வேண்டும். பையனுக்குத் தெருமுனை கேரம் போர்டு இருக்கிறது, வியாசர்பாடி பக்கம் ஃபுட்பால் இருக்கிறது. பெண்பிள்ளையை வெளியே போகாதே என்று உட்கார வைத்துவிட்டு, போனையும் குறை என்று சொல்வது அநியாயம். அவளும் தோழிகளோடு விளையாடப் போகட்டும். முதலில் கொஞ்ச நாள் நீங்களே கூடப் போங்கள்.

ஒன்றை மட்டும் இன்றைக்கே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: "யாராவது போட்டோவை வைத்து மிரட்டினால் முதலில் என்கிட்ட வா, திட்ட மாட்டேன்." சொன்னபடி திட்டாமலும் இருங்கள். மிரட்டுபவனுக்குப் பணம் அனுப்ப வேண்டாம். மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கோ குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ உடனே போன் செய்யுங்கள்.