விளக்கு எரிந்தும் நெட்வொர்க் இல்லையா? டிரைவரைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சர்வரின் நெட்வொர்க் அறுந்தால் பழி முதலில் மின்சாரத்தின் மீதுதான் விழும். பல ஆண்டு லோட் ஷெட்டிங்கில் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவதில்) பழகிய எங்களுக்கு, இயந்திரத்தை அணைத்து மீண்டும் போடுவதே கைமருந்தாகிவிட்டது. ஆனால் கோளாறு டிரைவரில், அதாவது நெட்வொர்க் கார்டை இயக்கும் மென்பொருளில் இருந்தால், அந்த மருந்து கெடுதலே செய்யும். ரீஸ்டார்ட் செய்ததும் இணைப்பு திரும்பிவிடும், ஆனால் கெர்னல் லாக்கை (இயங்குதளத்தின் மையப்பகுதி எழுதும் பதிவை) சேமித்து வைக்க ஏற்பாடு இல்லாத சர்வரில் தடயமும் அதனோடு போய்விடும்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சிறு அலுவலகத்தில், கார்டின் பச்சை விளக்கு எரிந்துகொண்டும் பக்கத்து விளக்கு துடித்துக்கொண்டும் இருக்க, பிங்குக்கு (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு) ஒரு பதிலும் வராததை நானே பார்த்தேன். கேபிளையும் சுவிட்ச் போர்ட்டையும் மாற்றியும் பயனில்லை. இந்த நிலையில் மானிட்டரையும் கீபோர்டையும் சர்வரிலேயே செருகி, லாக்கைப் படியுங்கள். லினக்ஸில் ‘டிரான்ஸ்மிட் க்யூ டைம்டு அவுட்’ என்றோ, இன்டெலின் இ1000இ டிரைவரில் ‘ஹார்டுவேர் யூனிட் ஹேங்’ என்றோ வரி இருந்தால், அனுப்ப வேண்டிய பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) கார்டிலேயே தேங்கி நிற்கின்றன என்று பொருள். அந்த வரிகளை நேரத்தோடு நகலெடுத்து வையுங்கள்.

அடுத்து லினக்ஸில் கார்டின் விவரங்களைக் காட்டி அமைப்புகளை மாற்றும் ஈத்டூல் கட்டளையால் டிரைவரின் பெயர், பதிப்பு, ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) எண் மூன்றையும் குறித்துக்கொண்டு, அதே கருவியால் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ ஆகிய ஆஃப்லோடுகளை (தரவைப் பிரிக்கும் வேலையின் சுமையைக் குறைக்கும் வசதிகளை) மட்டும் நிறுத்துங்கள். பெரிய தரவைத் துண்டுதுண்டாகப் பிரிக்கும் வேலை கார்டிலிருந்து ப்ராசஸருக்கு வருவதால் அதன் சுமை கொஞ்சம் ஏறும்; ஆயினும் அதன்பின் இணைப்பு நிலைத்தால் சந்தேகம் டிரைவர், ஃபர்ம்வேர் பக்கம் உறுதியாகச் சாயும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்தான் செய்ய வேண்டும் என்பதில் நான் மிகவும் கண்டிப்பானவன்; இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று ஒருபோதும் தெரியாது.

கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு தொல்லை தொடங்கியிருந்தால் பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ உண்டு. அந்தப் பொத்தான் மங்கியிருந்தால் பழைய டிரைவர் சேமிக்கப்படவில்லை. கார்டை மின்சேமிப்புக்காக அணைக்கும் அனுமதியையும் அங்கேயே நீக்கிவிடுங்கள்.

புதிய டிரைவரை வேறு கணினியில் இறக்கி யுஎஸ்பியில் கொண்டுவாருங்கள். அதன் வெளியீட்டுக் குறிப்பு கேட்கும் ஃபர்ம்வேரையும் சேர்த்தே எடுங்கள். நிறுவியபின் நிறுத்திய ஆஃப்லோடுகளை மீண்டும் இயக்கி, ஒரு முழு இரவு பெரிய கோப்புகளை நகலெடுக்க விட்டு, காலையில் லாக்கைத் திறந்து பாருங்கள். பழைய வரி அதில் மீண்டும் இருந்தால் கார்டையே மாற்ற வேண்டும்.