மால்டி தட்டில் உப்பைக் கழுவுங்கள், அப்புறம் லேசரைச் சந்தேகப்படுங்கள்

மால்டி என்பது, தட்டில் காயவைத்த மாதிரியின் மேல் லேசரைப் பாய்ச்சி மூலக்கூறுகளின் எடையை அளக்கும் கருவி; ஒவ்வொரு எடைக்கும் வரைபடத்தில் ஒரு முகடு, அதாவது பீக், எழும். "பீக்கே வரலை அக்கா" என்று ஆய்வு மாணவர்கள் வந்து நின்றால், கருவியைத் தொடுவதற்கு முன் தட்டைத்தான் வெளியே எடுக்கச் சொல்வேன். எங்களிடம் இருப்பது 384 இடங்கள் கொண்ட சாதாரண எஃகுத் தட்டு. பெரும்பாலும் கோளாறு அதன் மேல்தான் இருக்கும்.

மெத்தனாலில் நனைத்த, பிசிறு உதிராத டிஷ்யூவால் துடையுங்கள். தண்ணீரும் அசிட்டோநைட்ரைலும் சரிபாதி கலந்து, சோனிகேட்டரில் (ஒலியலையால் அழுக்கை உதறும் தொட்டி) பத்து நிமிடம் வையுங்கள். சோப்பு வேண்டவே வேண்டாம். அதன் மிச்சம் 44 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) இடைவெளியில் சீப்புப் பல் போல வரிசையாக வந்து நிற்கும். சுரண்டவும் கூடாது, கீறலில் துளி ஓடிவிடும். கையுறை கட்டாயம், நம் தோலின் கெரட்டின் புரதம் எல்லா இடத்திலும் இருக்கிறது.

வெறும் எஃகில் 1 மைக்ரோலிட்டர் துளிகூடப் பரந்துவிடுகிறது. மாதிரியோடு கலந்து லேசரை உறிஞ்சும் பொருளான மேட்ரிக்ஸின் கரைசலில் பாதி அசிட்டோநைட்ரைல், அதனால்தான். காய்ந்தபின் ஓரத்தில் மட்டும் படிகம், நடுவில் வெறுமை. நான் செய்வது இது: சிறு பாராஃபில்ம் (ஆய்வக மெழுகுத் தாள்) துண்டால் தட்டைத் தேய்த்து, உலர்ந்த டிஷ்யூவால் அழுத்தித் துடைத்துவிடுவேன். கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் போதும். துளி பரவாமல் குவிந்து நிற்கும், பெப்டைடும் (புரதத்தின் சிறு துண்டு) சின்ன இடத்தில் சேரும். வேலை முடிந்ததும் ஹெக்சேனில் மெழுகை எடுத்துவிடலாம். கம்பெனியிலேயே பூச்சுப் போட்டு வரும் தட்டுகளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

மேட்ரிக்ஸாக, பெப்டைடுக்கு ஆல்ஃபா-சயனோ, முழுப் புரதத்துக்கு சினாப்பினிக் அமிலம். அன்றன்றைக்குப் புதிதாகக் கரையுங்கள்.

இனி வருவதுதான் பலர் விட்டுவிடும் படி. ஆல்ஃபா-சயனோ புள்ளி நன்றாகக் காய்ந்ததும், ஐஸில் வைத்த 0.1 சதவீத டி.எஃப்.ஏ. (ட்ரைஃபுளுவோரோஅசிட்டிக் அமிலம்) கரைசலை 2 மைக்ரோலிட்டர் அதன் மேல் விட்டு, பத்து விநாடி பொறுத்து, பிப்பெட்டாலேயே உறிஞ்சி எடுங்கள். குளிர்ந்த அமிலத் தண்ணீரில் இந்த மேட்ரிக்ஸ் அவ்வளவாகக் கரையாது, உப்பு கரைந்து வந்துவிடும். ஒவ்வொரு பீக்குக்கும் 22 டால்டன் தள்ளி சோடியம் ஒட்டிய துணைப் பீக் தெரிந்தால் இன்னொரு முறை கழுவலாம். முனை படிகத்தைத் தொடக்கூடாது; தொட்டால் புள்ளியே போய்விடும்.

பன்றி டிரிப்சினால் (புரதத்தை வெட்டும் நொதி) செரித்த மாதிரி என்றால் 842.5, 2211.1 ஆகிய இரண்டு பீக்குகளையும் தேடுங்கள், அவை டிரிப்சின் தன்னையே வெட்டிக்கொண்ட துண்டுகள். அவை பளிச்சென்று இருந்து, உங்கள் புரதத்தின் பீக்குகள் மட்டும் இல்லையென்றால், தட்டை விட்டுவிட்டு, மாதிரியை எடுத்த ஜெல் துண்டுக்குப் போங்கள்.