எம்ஆர்ஐ வெப்பநிலைப் படத்தை நம்பும் முன்

வெப்ப சிகிச்சையின்போது எம்ஆர்ஐ திரையில் சிவப்பும் மஞ்சளுமாகத் தெரிவது, உடலுக்குள் வைத்த தெர்மாமீட்டரின் அளவு அல்ல. திசுவில் உள்ள நீர் ஒரு டிகிரி சூடானால் அதன் ஹைட்ரஜனிலிருந்து எம்ஆர்ஐ பிடிக்கும் சிக்னலின் அதிர்வெண் பத்து கோடியில் ஒரு பங்கு குறையும். 1.5 டெஸ்லா காந்த வலிமையுள்ள இயந்திரத்தில் அது சுமார் 0.64 ஹெர்ட்ஸ், அவ்வளவுதான். இந்த நகர்வை, சூடாக்கும் முன் எடுத்த அடிப்படைப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் நிறம் போடுகிறார்கள்.

ஆகவே கையில் கிடைப்பது எவ்வளவு ஏறியது என்பது மட்டுமே. அதோடு கண்ணை மூடிக்கொண்டு 37-ஐக் கூட்டுவது முதல் தவறு. தோலைக் குளிர்விக்கக் குளிர்நீர் ஓடிக்கொண்டிருந்தால், அருகிலுள்ள திசு 37-க்குக் கீழிருந்துதான் தொடங்கும்.

நோயாளி அசைந்தால் புதிய அடிப்படைப் படம் எடுப்பது சரிதான். ஆனால் திசு இன்னும் 45 டிகிரியில் இருக்கும்போது எடுத்தால் அதுவே பூஜ்ஜியமாகிவிடும். திரை 37 என்று காட்டும், உள்ளே 45 இருக்கும். ஆறும்வரை காத்திருப்பதே பாதுகாப்பு.

அதிகம் ஏமாற்றுவது காந்தம்தான். தொடர்ந்து படமெடுக்கையில் இயந்திரத்தின் உட்பாகங்கள் சூடேறி, காந்தப்புலம் மெல்ல நகரும். பத்து கோடியில் ஒரு பங்கு நகர்ந்தாலே ஒரு டிகிரி பிழை. ஒலியலைகளை ஒரு புள்ளியில் குவித்துச் சூடாக்கி, சில விநாடிகளில் முடியும் குவிய அல்ட்ராசவுண்டில் இது பெரிதாகத் தெரியாது. 40 முதல் 43 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்திருக்கும் சிகிச்சையிலோ மொத்தக் கணக்கும் கவிழ்ந்துவிடும். சூடாகாத இடங்களில் தெரியும் போலி மாற்றத்தைக் கழிக்க வேண்டும். ஒரே இடத்தை வைத்துக் கழித்தால் போதாது. நகர்வு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருக்காது.

இங்கே கைகொடுப்பது கொழுப்பு. சூட்டுக்கு அதன் அதிர்வெண் ஏறக்குறைய மாறாது என்பதால், காந்த நகர்வைக் காட்டிக்கொடுக்கும். அதே குணம்தான் வேறிடத்தில் ஆபத்து. நீரும் கொழுப்பும் கலந்த இடத்தில் கொழுப்பின் சிக்னலை அடக்காமல் அளந்தால் எண் பொய்யாகும். தோலடிக் கொழுப்பு சுடுபட்டாலும் படம் சாதுவாகவே இருக்கும். "சிவப்பு இல்லை, பிரச்சினை இல்லை" என்று அங்கே முடிவெடுக்கக் கூடாது. கெட்டியான எலும்பில் சிக்னலே இல்லாததால் அங்கு தெரியும் நிறம் வெறும் இரைச்சல், சூட்டின் அளவு அல்ல. ஒட்டியுள்ள தசையைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், படப்புள்ளி பெரிதாக இருந்தால் சில மில்லிமீட்டர் அகல உச்சச் சூடு சுற்றுப்புறத்தோடு சராசரியாகிக் குறைந்து தெரியும். இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. திசுவை அழிக்க 43 டிகிரியில் 240 நிமிடம் என்பது வழக்கமான அளவுகோல். அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் நேரம் பாதியாகும். 56 டிகிரியில் இரண்டு விநாடிக்குள் முடிந்துவிடும். ஒரு படம் வர மூன்று விநாடி ஆகிறதென்றால், எல்லையைத் தொட்டபின் நிறுத்துவது தாமதம். நிறுத்தும் எல்லையைச் சில டிகிரி முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.