ஒரு கோரிக்கை, எல்லார் கையெழுத்து: வடசென்னை ஒப்பந்தத் தொழிலாளர்கள் மனுவை வெற்றியாக்கும் வழி

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் தொழிற்சாலை கேட்டுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு, "எத்தனையோ மனு கொடுத்தாச்சு, ஒண்ணும் நடக்கல" என்பது. அப்படிப்பட்ட மனுக்களில் பெரும்பாலும் பத்துக் கோரிக்கை இருக்கும், ஆறு பேர் கையெழுத்து இருக்கும், ஒப்புகைச் சீட்டு இருக்காது. அதிகாரி அதை ஓரமாக வைப்பது சுலபம். மனு ஜெயிப்பதும் தோற்பதும் அதைக் கொடுக்கும் நாளில் முடிவாவதில்லை. அதற்கு முந்தைய மூன்று, நான்கு வாரங்களில் முடிவாகிறது.

முதலில் கோரிக்கை. சம்பளம், பி.எப்., கழிப்பறை, பாதுகாப்புக் காலணி, போனஸ், நிரந்தரம் என்று எல்லாமே நியாயம்தான். முதல் மனுவுக்கு அதில் ஒன்றை மட்டும் எடுங்கள். பாதிக்கு மேற்பட்டவர்களைத் தொடுவதாக, எண்ணிக் காட்டக் கூடியதாக, இன்னார் உத்தரவிட்டால் நடக்கும் என்று சொல்லக் கூடியதாக அது இருக்க வேண்டும். "எங்களை மனிதராக நடத்துங்கள்" என்பதற்கு யாரும் உத்தரவு போட முடியாது. "பிடித்த பி.எப். பணத்தைக் கணக்கில் கட்டு" என்பதற்குப் போட முடியும்.

அடுத்து ஆதாரம். கான்ட்ராக்டர் சம்பளச் சீட்டு தராவிட்டால் கேட் பாஸின் இரு பக்கமும் படம், வங்கி பாஸ்புக்கில் சம்பளம் ஏறிய வரிகள், சூபர்வைசர் அனுப்பிய ஷிப்ட் செய்தி ஆகியவை போதும். ஒவ்வொருவரும் ஒரு சின்ன நோட்டில் தேதி, ஷிப்ட், ஓ.டி. (கூடுதல் நேர வேலை) மணி மூன்றையும் அன்றன்றே எழுத வேண்டும். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதிய நோட்டு விசாரணையில் நிற்காது. பி.எப். பார்க்க, பதிவு செய்த கைப்பேசியிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகை குறுஞ்செய்தியில் வரும். ஒரு மாதத்துப் பி.எப்.பை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டலாம் என்பதால் 20ஆம் தேதிக்குப் பிறகு பாருங்கள். அவசரப்பட்டு 10ஆம் தேதி பார்த்துவிட்டுப் புகார் எழுதினால் முதல் பதிலிலேயே அடிபடுவீர்கள்.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி. கான்ட்ராக்டர் கொடுக்கத் தவறினால் வேலை நடக்கும் கம்பெனி, அதாவது பிரின்சிபல் எம்ப்ளாயர் கொடுத்தாக வேண்டும். சம்பளப் பாக்கிக்கு மூன்று ஆண்டு வரை கோரலாம். பாக்கியை ரூபாயாகக் கணக்கிடுங்கள். உதாரணமாக 40 பேருக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய் குறைவு, மாதம் 26 நாள் வேலை என்றால் மாதம் 62,400 ரூபாய், ஓராண்டுக்கு 7,48,800 ரூபாய். "குறைவாகத் தருகிறார்கள்" என்ற வரியைவிட இந்த எண் பேச்சுவார்த்தை மேசையில் கனமாக விழும்.

கையெழுத்து

மெனக்கெட வேண்டிய இடம் இதுதான். வாட்ஸ்அப்பில் "எல்லாரும் கையெழுத்துப் போடுங்க" என்று போடுவது வேலைக்கு ஆகாது. அந்தச் செய்தி அன்று மாலையே மேஸ்திரி கையில் இருக்கும். ஆளுக்கு ஐந்து பேர் என்று பிரித்துக்கொண்டு நேரில் போங்கள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு ஓடுகிறவரை நிறுத்திப் பேசினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். பெண் தொழிலாளர்களைத் தண்ணீர் லாரி வரும் நேரத்தில் தேடிப் போகாதீர்கள். ஞாயிறு பகல் நல்லது, பெண்களே போய்ப் பேசினால் இன்னும் நல்லது. போனதும் தாளை நீட்டாதீர்கள். "உங்களுக்குப் போன மாசம் எவ்வளவு பிடிச்சாங்க அக்கா?" என்று கேட்டு, பாஸ்புக்கைச் சேர்ந்து பாருங்கள். தன் கணக்கில் ஓட்டையைத் தானே கண்டவர் பிறகு பின்வாங்குவது குறைவு.

மேஸ்திரிகள் தங்கள் தெருவிலும் ஊரிலும் ஆள் எடுப்பதால் ஒவ்வொரு பிரிவும் ஒரு தெருவாக, ஒரு சாதியாக, ஒரு மொழியாக இருக்கும். பிளவு அங்கேதான் காத்திருக்கிறது. 1918 ஏப்ரல் 27இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. மூன்றே ஆண்டில், 1921இல், பி அண்ட் சி நெசவு மில் வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் மற்றவர்களும் எதிரெதிராக நின்று, புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. போராட்டம் தோற்றது. நூறாண்டு கடந்தும் நிர்வாகங்களுக்குப் பிளவில் ஜெயிக்கும் அந்த வழி மறக்கவில்லை. ஆகவே கையெழுத்துக் குழுவில் எல்லாப் பிரிவிலிருந்தும், எல்லாத் தெருவிலிருந்தும் ஒருவராவது வேண்டும். ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் இருந்தால் மனுவை இந்தியில் முழுதாகப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். அவர்களை விட்டுவிட்டுப் போன மனுவை "உள்ளூர்க்காரர்கள் தகராறு" என்று சுலபமாக ஒதுக்கிவிடுவார்கள்.

தாளின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே கோரிக்கை இரண்டு வரியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "வெற்றுத் தாளில் வாங்கினார்கள்" என்பார்கள். பக்கத்துக்கு 15 பெயர், அதற்கு மேல் வேண்டாம். பெயர், கேட் பாஸ் எண், பிரிவு, சேர்ந்த ஆண்டு, கையெழுத்து என்ற கட்டங்கள் போதும். ஆதார் எண்ணும் கைப்பேசி எண்ணும் போடாதீர்கள், இந்தத் தாளின் நகல் கான்ட்ராக்டருக்கும் போகும். கைநாட்டு வைப்பவருக்கு இடது பெருவிரல் ரேகை, பக்கத்தில் பெயர், சாட்சி ஒருவர் கையெழுத்து. முதல் பெயர் யாருடையது என்ற பயம் இருந்தால் வட்டமாகச் சுற்றிக் கையெழுத்துப் போடலாம், அப்போது முதலும் இல்லை, கடைசியும் இல்லை. பாதிப் பேர்கூடச் சேரவில்லை என்றால் கொடுக்காதீர்கள். பத்தில் ஏழு பேர் வந்த பிறகு போங்கள்.

மனுவின் உடல் ஒரு பக்கம். இப்படி:

"கீழே கையெழுத்திட்டுள்ள 40 பேரும் இந்த நிறுவன வளாகத்தில் இந்த ஒப்பந்ததாரரிடம் வேலை செய்கிறோம். எங்கள் சம்பளத்தில் மாதந்தோறும் பி.எப். பிடிக்கப்படுகிறது. செப்டம்பர் மாதத்துக்குப் பிறகு எங்கள் கணக்கில் எதுவும் ஏறவில்லை (இணைப்பு 1). பிடித்த தொகையையும் நிர்வாகப் பங்கையும் கட்டச் செய்யவும், எடுத்த நடவடிக்கையை 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டுகிறோம்."

சட்டப் பிரிவு எண்களை அடுக்க வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததால் பழைய எண்கள் பல மாறிவிட்டன. தவறான எண் போட்ட மனுவைத் திருப்புவதற்கு அதுவே காரணமாகும். நடந்ததையும் கேட்பதையும் தெளிவாக எழுதுங்கள், பிரிவை வழக்கறிஞர் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கே கொடுப்பது

வடசென்னையில் அதிகம் தவறுவது இதில்தான். துறைமுகம், ரயில்வே, மத்திய அரசுப் பொதுத்துறை நிறுவனம் ஆகியவற்றுக்குள் ஒப்பந்த வேலை என்றால் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகம், நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன். தனியார் தொழிற்சாலை, கிடங்கு, மாநகராட்சி என்றால் மாநிலத் தொழிலாளர் துறை, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகம். குறைந்தபட்சக் கூலியும் இதைப் பொறுத்தே மாறும். மாநில அறிவிப்பில் பஞ்சப்படி ஏப்ரல் 1இல் மாறும், மத்தியப் பட்டியலில் ஏப்ரல் 1, அக்டோபர் 1 என இருமுறை மாறும். பி.எப். என்றால் பி.எப். குறைதீர் இணையதளத்திலும் போடுங்கள். அங்கே கிடைக்கும் பதிவு எண் முக்கியம்.

ஆட்சியரிடம் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கலாம். திருவொற்றியூர், மணலி, மாதவரம் 2018 முதல் சென்னை மாவட்டம், ஆகவே ராஜாஜி சாலைக்குப் போக வேண்டும். 1923இல் இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் பெயரைத்தான் அந்த ஆட்சியர் அலுவலகக் கட்டடம் தாங்கி நிற்கிறது. அத்திப்பட்டு, மீஞ்சூர் என்றால் திருவள்ளூர் ஆட்சியர். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது குறைதீர் கூட்டம் நடக்காது.

ஐந்து நகல் எடுத்துக்கொண்டு ஐந்து பேராகப் போங்கள். ஒரு நகலில் தேதியுடன் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். கம்பெனிக்கும் கான்ட்ராக்டருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான சான்றுடன் அனுப்புங்கள். 2025இல் பதிவுத் தபாலை அதோடுதான் இணைத்துவிட்டார்கள்.

15 நாளில் பதில் இல்லையா? முத்திரை போட்ட நகலைக் காட்டி நினைவூட்டல் கொடுங்கள். அதே நாளில் தகவல் உரிமைச் சட்ட மனு, கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். "எங்கள் மனு மீது என்ன நடவடிக்கை, எந்தத் தேதியில் யார் ஆய்வு செய்தார், ஒப்பந்ததாரர் உரிமத்தின் நகல்" என்று மூன்றை மட்டும் கேளுங்கள். உரிமத்தில் காட்டிய ஆள் கணக்கும் கேட்டுக்குள் போகும் ஆள் கணக்கும் பொருந்தாவிட்டால் அதுவே அடுத்த மனு.

காத்திருக்கும் நாட்களில் கூட்டம் கலையக் கூடாது. எல்லாரும் ஒரே நாளில் கோரிக்கை அட்டை குத்திக்கொண்டு வேலைக்குப் போவது நல்ல தொடக்கம். அட்டை குத்தியவர்களை எண்ணுங்கள், கையெழுத்து எண்ணிக்கையைவிடக் குறைந்தால் அடுத்த படிக்குப் போகாமல் மறுபடி வீடு வீடாகப் போங்கள். பிறகு வாயிற்கூட்டம். ஷிப்ட் 2 மணிக்கு மாறினால் 1.40க்குத் தொடங்குங்கள், இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் சேர்ந்து கிடைப்பார்கள். கன்டெய்னர் லாரி வழியை மறிக்காதீர்கள். ஆர்ப்பாட்டத்துக்குச் சென்னை மாநகர எல்லையில் குறைந்தது ஐந்து நாள் முன்பே காவல்துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். எண்ணூர், மீஞ்சூர் பக்கம் என்றால் ஆவடி காவல் ஆணையரகம். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், நீதிமன்றம் போக அது தேவை. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உறுதியாக உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் நடைபாதையில் அனுமதியின்றி இருப்பதாகச் சொல்லித்தான் உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது, நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். இடத்தைப் பற்றிய வாதம் கோரிக்கையை மறைத்துவிட இடம் கொடுக்காதீர்கள்.

வேலைநிறுத்தம் கடைசி ஆயுதம். இப்போது 14 நாள் முன்னறிவிப்பு எல்லா இடத்துக்கும் கட்டாயம், சமரசப் பேச்சு நடக்கும்போது வேலையை நிறுத்தக் கூடாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தமாகவே கருதப்படும். அதற்கு முன் சங்கம் அவசியம். ஏழு பேர் விண்ணப்பித்துப் பதிவு செய்யலாம், தொழிலாளர்களில் 10 சதவீதமோ 100 பேரோ, எது குறைவோ, அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள மத்தியத் தொழிற்சங்கம் ஒன்றில் சேர்ந்தாலும் சரி.

நடுவில் யாருக்காவது கேட் பாஸ் முடக்கப்பட்டால் அன்றைக்கே கேட்டில் நின்று நேரத்தோடு படம் எடுத்து, "வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை" என்று கம்பெனிக்கும் தொழிலாளர் அதிகாரிக்கும் எழுத வேண்டும். மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்தால் "தானாக நின்றுவிட்டார்" என்ற கடிதம் தயாராகிவிடும். அவருக்காக ஆளுக்கு நூறு ரூபாய் திரட்டி வாரச் செலவுக்குக் கொடுங்கள். இந்தப் பணம் இல்லாமல் போனதால் சிதறிய கூட்டங்கள் ஏராளம்.

பேச்சுவார்த்தைக்கு அழைத்தால் மூன்று பேர் போங்கள், தனியாக யாரும் போக வேண்டாம். "பார்த்துச் செய்றோம்" என்பதை ஏற்காதீர்கள். ஒப்பந்தத்தில் தொகை, தரும் தேதி, பெறுவோர் பெயர்ப் பட்டியல், மனு கொடுத்ததற்காக யாரையும் பழிவாங்குவதில்லை என்ற வரி, கான்ட்ராக்டர் மாறினாலும் இதே ஆட்கள் தொடர்வார்கள் என்ற வரி, ஐந்தும் இருக்க வேண்டும். கம்பெனிப் பிரதிநிதியும் கையெழுத்திட வேண்டும், கான்ட்ராக்டர் மட்டும் போதாது. அதிகாரி முன்னிலையில் கையெழுத்தான நகலைக் கேட்டிலேயே எல்லார் முன்னிலும் உரக்கப் படியுங்கள். பிறகு தரும் தேதியன்று பாஸ்புக்கோடு மறுபடி கூடுங்கள்.