பழைய சிங்கிள் மால்ட்டுக்குத் தண்ணீர்: ஊற்றாமல் சொட்டுங்கள்

சிங்கிள் மால்ட் என்பது ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் செய்த விஸ்கி. அப்படியான விண்டேஜ் ஸ்காட்ச்சை (பழைய ஸ்காட்லாந்து விஸ்கியை) ருசி பார்க்கும்போது தண்ணீரை ஸ்ட்ராவால் சேருங்கள். ஸ்ட்ராவைத் தண்ணீரில் முக்கி, மேல் நுனியை விரலால் அடைத்துத் தூக்கினால் கொஞ்சம் நீர் உள்ளேயே நிற்கும். விரலை லேசாகத் தளர்த்தினால் சொட்டுச் சொட்டாக விழும். சில சொட்டு விட்டு முகருங்கள், ஒரு வாய் பாருங்கள், அப்புறம் இன்னும் சில சொட்டு.

புகை வாசனை தரும் குவாயகால் போன்ற சேர்மங்களை அடர்ந்த ஆல்கஹால் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. நீர் சேர்ந்து வீரியம் இறங்கியதும் அவை திரவத்தின் மேற்பரப்புக்கு வருகின்றன, மூக்குக்கு எட்டுகின்றன. 55 சதவீத ஆல்கஹால் உள்ள விஸ்கி 25 மில்லியில் ஒரு டீஸ்பூன் நீர் விட்டாலே சுமார் 46 சதவீதம் ஆகிவிடும். விலை கூடிய சரக்கில் நீர் கூடிப்போனால் திரும்ப எடுக்க வழியில்லை.

லேபிளில் 40-43 சதவீதம் என்றிருந்தால் தண்ணீர் வேண்டாம். ஏற்கெனவே நீர் சேர்த்திருப்பார்கள். பல பத்தாண்டு பீப்பாயில் கிடந்ததென்றால் தானாகவே வீரியம் இறங்கியிருக்கலாம். அதை அப்படியே குடிப்பதுதான் சரி. ஐஸ்? எதற்குமே வேண்டாம், வாசனையை அமுக்கிவிடும்.