இருட்டிலும் சோதித்தீர்களா? ஒளியால் வேலை செய்யும் தாவரச் சேர்மங்களைத் தேடுவோர் செய்யும் தவறுகள்

இலைச்சாற்றைப் புற்றுநோய்ச் செல்களில் விட்டு, விளக்கைக் காட்டி, அவை இறந்ததும் மருந்து கிடைத்துவிட்டதாக எழுதிவிடுவதே இத்தேடலில் நடக்கும் மிகப் பெரிய தவறு. மருந்தை ஒளியால் தூண்டிப் புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் ஒளியியக்கச் சிகிச்சையில், சேர்மம் ஒளியை ஏற்று, அந்த ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கடத்துகிறது. அதனால் கடும் வினைத்திறன் பெறும் ஆக்சிஜன்தான் செல்லைச் சிதைக்கிறது. ஆகவே அதே சாறு இருட்டில் என்ன செய்கிறது, சாறில்லாத ஒளி என்ன செய்கிறது என்னும் இரண்டு ஒப்பீடுகளும் இல்லாத முடிவை ஏற்க முடியாது. இருட்டிலும் கொல்லும் சாறு வெறும் நஞ்சாக இருக்கக்கூடும். சாறு எடுக்கும்போதே மேசை விளக்கின் வெளிச்சம் சேர்மத்தைக் கெடுத்துவிடும் என்பதால், குப்பிகளை அலுமினியத் தாளால் சுற்றி வைப்பதும் அவசியம்.

வடசென்னை மாணவர்களுக்கு ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் காய்ந்து நொறுங்கிய இலையில் இனத்தை உறுதி செய்வது கடினம். பூவும் காயுமாகச் செடியைப் பறித்து, தாவரவியலாளரிடம் காட்டி, உலர்மாதிரியைப் பாதுகாத்து வைக்க வேண்டும். இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரிது. எந்தப் பச்சிலையிலும் பச்சையம் சிதையும்போது, மக்னீசியத்தையும் ஃபைட்டால் என்னும் நீண்ட வாலையும் இழந்து ஃபியோஃபோர்பைடு ஆகிறது. அதுவே சிவப்பொளியில் செல்களைக் கொல்லும் சேர்மம்தான்; 1977இல் ஜப்பானில் குளோரெல்லா என்னும் பச்சைப்பாசி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வெயில் பட்டுத் தோல் புண்ணானதற்கும் அதுவே காரணம். பச்சையச் சிதைபொருள்களை முதலிலேயே இனங்காணாதவர், ஊரறிந்த பொருளைப் புதிதென்று எண்ணி மாதக்கணக்கில் உழைப்பார். அந்த உழைப்பு வீணாவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பல் படிந்த கரையில் பறித்த செடியானால், கொன்றது செடியின் சேர்மமா, அதில் ஏறிய மாசா என்ற கேள்வியும் எழும்.

விளக்கின் நிறத்தையும் மறக்கலாகாது. மஞ்சளின் குர்குமின் ஏறக்குறைய 425 நானோமீட்டர் நீல ஒளியை ஏற்கிறது. அவ்வொளி உடல்திசுவில் ஆழமாக இறங்காது, 650 நானோமீட்டருக்கு மேற்பட்ட சிவப்பொளியே இறங்கும். கார்போகரிசி என்னும் மூலிகை விதையிலுள்ள சொராலன் என்னும் சேர்மமோ புறஊதா ஒளியில் டிஎன்ஏவையே பிணைக்கிறது. அதற்கு ஆக்சிஜன் தேவையில்லை என்பதால், அதை ஒளியியக்கச் சிகிச்சைச் சேர்மங்களோடு சேர்ப்பது பிழை.

இவற்றைக் கேட்ட நோயாளி எவரும் இலைச்சாறு குடித்து வெயிலில் நிற்கக்கூடாது. 1993இல் கனடாவில் ஒப்புதல் பெற்ற, ஒளியியக்கச் சிகிச்சைக்கான ஃபோட்டோஃப்ரின் மருந்தைச் செலுத்திய பின், மருத்துவர்கள் லேசர் ஒளியைக் கட்டியின் மீது மட்டுமே பாய்ச்சுகிறார்கள். அப்படியிருந்தும் நோயாளி குறைந்தது 30 நாள் வெயில் படாமல் இருக்க வேண்டியிருக்கிறது.